ஒன்பது அகல், நாலு பக்கப் பம்பரம்

திண்டுக்கல் மாவட்டத்தில் யூதர்களுக்கும் ஒரு தீபத் திருநாள் நடக்கிறது என்று சொன்னால், டவுனில் இருக்கும் நம்மில் பலர் நம்பாமல் பார்ப்போம். கொடைக்கானல்காரர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் வழியில் இருக்கும் வட்டக்கானலுக்கு 'லிட்டில் இஸ்ரேல்' என்று பெயர் விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ராணுவ சேவையை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் முதுகில் பெரிய பையோடு வந்து இறங்குவார்கள். சில சமயம் பிள்ளை குட்டிகளோடு குடும்பமாகவும் வருவார்கள். குளிர்காலத்தில்தான் வரத்து அதிகம். அவர்களுடைய ஹனுக்கா பண்டிகை வருவதும் அதே குளிர்காலத்தில்தான்.

2022 டிசம்பரில் அப்படி ஒரு குடும்பம் என் சித்தி வாடகைக்கு விடும் அறையில் தங்கியிருந்தது. அம்மா, அப்பா, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. சித்தி எனக்குப் போன் போட்டார்.

"ஊர்ல இருந்தா இந்நேரம் கடை பூரா இந்தச் சாமான்தான் தொங்குமாம். இங்க ஒண்ணையுங் காணோமே, இந்த வருஷம் பண்டிகை வராதான்னு அந்தப் பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்குதாம். எனக்கு மனசு கேக்கல. கீழ டவுன்ல ஏதாச்சும் கிடைக்குதான்னு பாரேன், ஏத்தா."

அந்தத் தாய் எழுதிக் கொடுத்த பட்டியலையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்பது விளக்கு உள்ள தண்டு. நீலமும் வெள்ளியுமாகத் தோரணம். ஆறு முனை நட்சத்திரம். நாலு பக்கம் உள்ள பம்பரம். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசு. அந்த வருஷம் முதல் விளக்கு டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது 17, சனிக்கிழமை. மார்கழி பிறந்து இரண்டாம் நாள்.

கடைக்குப் போவதற்கு முன் பண்டிகையைப் பற்றி இரண்டு வார்த்தை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஜெருசலேம் ஆலயம் கிரேக்க வழிவந்த ஓர் அரசனின் கைக்குப் போனது. யூத வழிபாட்டுக்குத் தடை விழுந்தது. மக்கபேயர் என்ற குடும்பத்தார் கிளர்ந்து எழுந்து ஆலயத்தை மீட்டார்கள். இந்தக் கதை திண்டுக்கல்லில் பல வீடுகளில் அலமாரியிலேயே இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் என்று இரண்டு நூல்கள் உண்டு. ஆலய விளக்குக்குத் தூய எண்ணெய் ஒரு நாளைக்குத்தான் இருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்பது பிற்காலத்து யூத மரபு சொல்லும் அற்புதம். அதனால்தான் எட்டு இரவு. முதல் இரவு ஒன்று, அடுத்த இரவு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போய் எட்டாம் இரவில் எட்டும் எரியும். இந்த விளக்கின் வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, வேலை செய்யக் கூடாது, பார்ப்பதற்கு மட்டும்தான். ஆகவே பற்றவைக்கவும் வெளிச்சத்துக்கும் தனியாக ஒரு வேலைக்கார விளக்கு. அதுதான் ஒன்பதாவது. எட்டு இரவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 44 சுடர் வரும்.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனசு கார்த்திகைக்குப் போயிருக்கும். எனக்கும் போனது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நம் தீபம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அவர்கள் மாதமும் அமாவாசை கழிந்து பிறை தெரிவதில்தான் தொடங்கும். கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி ஹனுக்கா, அதாவது பௌர்ணமி கழிந்து பத்து நாள். 2021-லிருந்து 2025 வரை பார்த்தால், திருவண்ணாமலையில் தீபம் ஏற்றி 9 முதல் 12 நாளுக்குள் ஹனுக்காவின் முதல் விளக்கு ஏறியிருக்கிறது. நாம் முழு நிலவில் ஏற்றுகிறோம். அவர்கள் நிலவு தேயத் தேய விளக்கைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நடுவில் அமாவாசையும் வந்துவிடும்.

இந்தக் கணக்கு எனக்குக் கடையில் கைகொடுத்தது. கார்த்திகை முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்ததால் விற்காத அகல்கள் கூடையோடு ஒதுக்குப்புறமாகக் கிடந்தன.

டிசம்பரில் ரத வீதிகளில் நடந்திருக்கிறீர்களா? ஒரே கடையின் வாசலில் ஐயப்ப சாமிகளுக்கான துளசி மாலையும் கறுப்பு வேட்டியும் தொங்கும். பக்கத்திலேயே காகித நட்சத்திரம். அதற்குக் கீழே மார்கழிக் கோலப் பொடி, பத்து வண்ணத்தில். இன்னும் கொஞ்ச நாள் போனால் பழநிக்கு நடப்பவர்களுக்குப் பச்சை வேட்டி வந்துவிடும். எந்தச் சாமிக்கு என்ன வேண்டும் என்பது அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். பேகம்பூர் பக்கம் போனால் ரம்ஜானுக்கு என்ன வேண்டும் என்பதும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சரக்கு இங்கே இவ்வளவு குவிவதிலும் ஆச்சரியமில்லை. புனித சூசையப்பர் தேவாலயம் 1866-க்கும் 1872-க்கும் இடையில் கட்டப்பட்டது. 2003-லிருந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம். வெள்ளோடு, பஞ்சம்பட்டி என்று சுற்றிலும் கத்தோலிக்க ஊர்கள். இவ்வளவு பேருக்கும் கடை உண்டு. எட்டு நாளைக்கு விருந்தாளியாக வந்த ஒரு குழந்தைக்கு?

முதல் கடையில் நட்சத்திரம். தொங்கியதெல்லாம் ஐந்து முனை. "ஆறு முனையில வேணும்ணே" என்றேன். கடைக்கார அண்ணன் யோசிக்கவே இல்லை. உள்ளே போய் ஒரு ஸ்டிக்கரோடு வந்தார். அச்சு அசலாக ஆறு முனை. இரண்டு முக்கோணம் ஒன்றன்மேல் ஒன்று. ஆறு மூலையிலும் ச-ர-வ-ண-ப-வ, நடுவில் வேல். பழநி இருக்கும் மாவட்டத்தில் ஆறு முனை நட்சத்திரம் கேட்டால் முருகனின் அறுகோணச் சக்கரம்தானே வரும்? தப்பு அவர்மேல் இல்லை. வேலோடு அதை மலைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு, கோலப் பொடித் தட்டுப் பக்கம் திரும்பினேன். ஓட்டை போட்ட கோலச் சல்லடைகளில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று கிடைத்தது. நீலப் பொடி ஒரு பாக்கெட், வெள்ளைப் பொடி ஒரு பாக்கெட். நட்சத்திரம் சுவரில் தொங்கும் என்று அந்தத் தாய் நினைத்திருப்பார். அது வாசலில் படுத்துக்கொண்டது.

தோரணம் சுலபம். கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் வந்த ஜிகினாச் சரத்தில் சிவப்பையும் பச்சையையும் தள்ளிவிட்டு நீலத்தையும் வெள்ளியையும் எடுத்தேன். தங்கக் காசு சாக்லேட் அதைவிடச் சுலபம். பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் நம் பிள்ளைகள் காலாகாலமாகத் தின்னும் சமாச்சாரம். அங்கே பாட்டிமார் ஹனுக்காவுக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பார்களாம். அந்தக் காசுதான் பிறகு சாக்லேட்டாகவும் ஆகியிருக்கிறது.

பம்பரம்தான் பாடாய்ப்படுத்தியது. ஆணி வைத்த மரப் பம்பரம் உருண்டை. விரலால் சுற்றும் பிளாஸ்டிக் பம்பரமும் உருண்டை. அவர்களுடையது சதுரம், நாலு பக்கத்திலும் நாலு எபிரேய எழுத்து. சுழன்று எந்த எழுத்து மேலே நிற்கிறதோ அதன்படி, நடுவில் குவித்த காசில் எல்லாவற்றையும் எடுக்கலாம், பாதி எடுக்கலாம், ஒன்றும் கிடையாது, அல்லது கையிலிருந்து போட வேண்டும். விவரம் கேட்டதும் பாத்திரக் கடைப் பெரியவர் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வைத்தார். நாலு பக்கம் சரிதான். ஆனால் உருளும், சுழலாது. கடைசியில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் சதுர ரப்பர் இரண்டு வாங்கி, நடுவில் பல்குத்தும் குச்சியைச் செருகினேன். சுற்றிப் பார்த்தேன், சுழன்றது. பட்டியலின் ஓரத்தில் அந்தத் தாய் வரைந்திருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நீல மையில் எழுதினேன்.

இந்த எழுத்துகளில் ஒரு சங்கதி இருக்கிறது. 'பெரிய அற்புதம் அங்கே நடந்தது' என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. உலகத்தின் மற்ற நாடுகளில் இருக்கும் யூதர்கள் அப்படி எழுதுவார்கள். இஸ்ரேலில் மட்டும் கடைசி எழுத்து மாறும். 'இங்கே நடந்தது' என்று வரும். வெளிநாட்டில் இருக்கிறோம் என்று தாய் 'அங்கே' எழுத்தை வரைந்திருந்தார். இரண்டாவது பம்பரத்தில் அந்த ஒரு பக்கத்தை அழித்து 'இங்கே' என்று பிள்ளை மாற்றிக்கொண்டதாகச் சித்தி பிறகு சொன்னார். வட்டக்கானலில் இருந்துகொண்டு 'இங்கே'.

கடைசியாக விளக்கு. ஒன்பது கிளைத் தண்டு எந்தக் கடையிலும் இல்லை. இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் தண்டு கட்டாயமில்லை. எட்டும் ஒரே மட்டத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். வேலைக்கார விளக்கு மட்டும் உயரத்திலோ தள்ளியோ நிற்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஒதுக்குப்புறத்து அகல் கூடையிடம் போனேன்.

"கார்த்திகை முடிஞ்சு போச்சேம்மா, இப்ப எதுக்கு அகல்?" என்றார் அண்ணாச்சி.

"எட்டு ஒரே அளவுல வேணும் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் தனி."

"ஒம்போதா? நவக்கிரகத்துக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். எட்டு நாள், எண்ணெய், ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதை. அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வோர் அகலையும் பலகைமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். விளிம்பு உடைந்ததைத் தள்ளினார். எட்டைப் பொறுக்கி முடித்த பிறகு பெரிய அகல் ஒன்றை எடுத்து, "இது அந்த வேலைக்காரனுக்கு. உள்ள செங்கல்லு கிடந்தா மேல தூக்கி வைக்கச் சொல்லுங்க" என்றார். திரி 44-க்குப் பதில் 50. ஆலிவ் எண்ணெய் சிறப்பு என்பார்கள், நன்றாக எரியும் எந்த எண்ணெயும் ஆகும் என்பதையும் சொன்னேன். செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் ஊற்றினார். மண் அகல் எண்ணெயைக் குடிக்கும், முதல் நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னதையும் சித்திக்கு அப்படியே குரல் பதிவாக அனுப்பினேன்.

அமெரிக்காவில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டியதில்லை. நவம்பரிலேயே பெரிய கடைகளில் கிறிஸ்துமஸ் மலைக்குப் பக்கத்தில் நீலமும் வெள்ளியுமாக ஓர் அலமாரி வந்துவிடும். தோரணம், மேஜை விரிப்பு, 44 மெழுகுவர்த்தி அடங்கிய பெட்டி என்று எல்லாம் இருக்கும். மதக் கணக்கில் ஹனுக்கா சின்னப் பண்டிகைதான்; கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வருவதால் அங்கே பெரிதாகிவிட்டது. 1996-ல் அதற்குத் தபால்தலை வந்தது. தீபாவளிக்கு 2016-ல். கடை அலமாரியில் தன் பண்டிகையின் பெயரைப் பார்க்கும்போது ஒரு பிள்ளைக்கு வரும் தெம்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வட்டக்கானல் குழந்தை கேட்டதும் அதைத்தானே?

ஆனால் பெயர் இருந்தால் போதுமா என்பது வேறு. 2007-ல் நியூயார்க்கில் ஒரு மளிகைக் கடை 'ஹனுக்காவுக்கு அருமையானது' என்று அட்டை எழுதி வைத்தது. எதற்கு? பன்றித் தொடைக்கறிக்கு! யூத மதத்தில் பன்றிக்கறி விலக்கு என்பது உலகத்துக்கே தெரியும். சிரிக்க வேண்டாம், நாமும் சளைத்தவர்கள் இல்லை. இயேசு சிலுவையில் மரித்த துக்க நாளில், நோன்பிருந்து சிலுவைப் பாதை சென்றுவரும் அக்கம்பக்கத்தாருக்கு, 'இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்' என்று பூப்படத்தோடு அனுப்புகிறோமே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

கிறிஸ்துமஸ் சரக்கே முழுசாகச் சரி என்று சொல்ல முடியாது. சான்டா தொப்பியும் பனி தூவிய பிளாஸ்டிக் மரமும் மலைபோல் இருக்கின்றன. இந்தச் சமவெளியில் பனி எங்கே பெய்தது? நம் பக்கத்து வீடுகளில் சவுக்குக் கிளையை வெட்டி நட்டு மரம் என்பார்கள். குடிலுக்குப் புல்வெளி வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே தட்டில் மண் போட்டுக் கேழ்வரகோ கம்போ தூவி முளைக்கவிடுவார்கள். மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் அதே கை, அதே பக்குவம். இதற்கு எந்தக் கடையிலும் தனி அலமாரி கிடையாது. தானியக் கடையில் அரைக்கிலோ கேழ்வரகு வாங்குகிறவர் கூழுக்கு வாங்குகிறாரா, பெத்லகேமுக்கு வாங்குகிறாரா என்று யார் கண்டது?

என்னைக் கேட்டால், பெயர் போட்ட அலமாரியையும் அண்ணாச்சியையும் தராசில் வைத்தால் நான் அண்ணாச்சி பக்கம்தான். ஹனுக்கா என்ற சொல்லை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆடாத அகலாகப் பொறுக்கித் தந்தார். கேட்பதற்கு வாய் வேண்டும். அது மட்டும்தான் நம் பொறுப்பு. அவசரத்தில் 'கொடுங்கள், போதும்' என்று வாங்கிவந்தால் சரவணபவ ஸ்டிக்கர்தான் வரும்.

மறுநாள் காலை தெரிந்த பையன் ஒருவன் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனான். அட்டைப் பெட்டியில் வைக்கோல் திணித்து அவனிடம் கொடுத்துவிட்டேன். மதியத்துக்குள் சேர்ந்துவிட்டது.

மாலையில்தான் சித்திக்கு வயிற்றைக் கலக்கியது. ஹனுக்கா விளக்கை உள்ளே ஒளித்து வைக்கக் கூடாது. தெருவில் போகிறவர் பார்க்கும்படி வாசலிலோ சன்னலிலோ வைப்பதுதான் முறை. அற்புதத்தை ஊருக்குச் சொல்வதற்காகத்தானே அந்த விளக்கு? ஆனால் வட்டக்கானல் இஸ்ரேலியர்கள் வரும் இடம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவர்களைத் தாக்கத் திட்டமிட்டதாக 2016-ல் தேசியப் புலனாய்வு முகமை போட்ட வழக்கில் குற்றச்சாட்டு இருந்தது. அதிலிருந்து போலீஸ் நடமாட்டமும் அங்கே சகஜம். "வாசல்ல வரிசையா வச்சு, இங்கதான் இருக்கோம்னு நாமளே காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆயிருமோ?" என்று போனில் கிசுகிசுத்தார்.

இதற்கும் அவர்கள் நூலில் வழி இருக்கிறது. தல்மூத் என்ற பழைய சட்டத் தொகுப்பு, ஆபத்துக் காலம் என்றால் வீட்டுக்குள் மேஜைமேல் வைத்தாலே போதும் என்கிறது. ஒரு தீபத் திருநாளுக்கு இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால், அந்த மக்கள் எத்தனை ஊரில் எத்தனை ராத்திரி சன்னலைச் சாத்தியிருப்பார்கள்?

அந்தத் தகப்பனார் வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், அகலைப் பார்த்தார். எதிர் வீட்டு வாசலிலும் மார்கழிக்கு இரண்டு அகல் எரிந்துகொண்டிருந்தது. திண்ணையிலேயே வைக்கலாம் என்று முடிவு செய்தார். முதல் இரவு ஒரு சுடர், செங்கல்மேல் வேலைக்காரன். நாளுக்கு ஒன்றாகக் கூடி, எட்டாம் இரவு டிசம்பர் 25. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் இரவே எட்டாம் விளக்காக அமைந்தது. வரிசையாக எட்டும் எரிந்தபோது போகிறவர் வருகிறவர் யாரும் நின்று பார்க்கவில்லை. மார்கழியில் வாசலில் அகல் எரிந்தால் நம்மூரில் யார் நின்று பார்ப்பார்கள்? ரோந்து வந்த காவலர் ஒருவர் மட்டும், "என்னம்மா, உங்க வீட்ல இன்னும் கார்த்திகை முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

இது நல்லதா என்று எனக்குள் ஒரு வாதம் ஓடியது. ஊருக்குச் சொல்ல வேண்டிய விளக்கு, ஊரில் யாருக்கும் தெரியாமல் எரிந்திருக்கிறது. சித்தியிடம் கேட்டேன். "அந்தப் பிள்ளை ராத்திரி பூரா திண்ணையை விட்டு எந்திரிக்கல. உருளைக்கிழங்கைத் துருவி வடை மாதிரி சுட்டாங்க, அதையும் அங்கனயே உக்காந்து தின்னுச்சு. எனக்கு அது போதும்" என்றார்.

2026-ல் ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது. மலையில் அறை விடுகிறவர்கள் கார்த்திகை முடிந்த கையோடு எட்டு அகலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் விலை இறங்கும்.

இந்தக் கதையை நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரில் கார்த்திகைக்கு அகல் கிடைக்காமல் அலைந்து, கடையில் அந்த நீல அலமாரியில் இருந்த ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டியைத்தான் வருஷா வருஷம் வாங்குகிறாளாம். 27 நட்சத்திரத்துக்கு 27 ஏற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். பெட்டியில் 44 இருக்கும். மீதி 17-ஐ என்னக்கா செய்யட்டும் என்று கேட்டாள். மார்கழிக்கு வாசலில் வை என்றேன். அங்கே வாசலில் பனி முழங்கால் உயரம் கிடக்கிறதாம். சன்னலுக்கு உள்ளே வைத்துக்கொள் என்றேன்.